பட்டமரம் என்று எழுதிக் கொடுத்தேன்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சூடாகும். இன்று காலை ஏழு மணிக்கே சூடாகிவிட்டது. கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. நடுவில் மேனேஜர், இரண்டு பக்கமும் நாலு நாலு பேர், ஆளுக்கொரு கறுப்பு பிளாஸ்டிக் பையில் ஒரு கன்று. பிறந்த பிள்ளையைத் தூக்கிக் காட்டுவதுபோல் எல்லாரும் தூக்கிக் காட்டுகிறார்கள். கீழே பச்சை எழுத்தில், பசுமைதான் நம் மூச்சு என்று போட்டிருந்தது.

மூச்சாம்! என் மகள் உள்ளே நெபுலைசரை மூக்கில் மாட்டிக்கொண்டு, பள்ளிச் சீருடையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்த மெஷின் போடுகிற சத்தத்தில் நான் திட்டியது அவள் காதில் விழுந்திருக்காது. விழாமல் இருந்ததே நல்லது.

படத்தில் அவர்கள் நிற்கிற இடத்தில் போன வருடம் வரை காடு இருந்தது. அதை வழித்து எடுத்ததற்கு ஆதாரமான காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அதனால் அந்த ஒன்பது பேரையும் மனசாரத் திட்டக்கூட எனக்கு வழியில்லை. திட்ட ஆரம்பித்தால் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறது. எவ்வளவு எரிச்சல் தெரியுமா அது?

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் குழாய் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவன். போல்ட், கிரீஸ், கையுறை, பெயிண்ட் எல்லாம் என் கை வழியாகத்தான் உள்ளே போகும். கம்பெனியின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் காடு. காட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. மதிலின் பின்வாசலிலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிட நடைதான் எங்கள் காட்டின் மொத்த அகலம்.

காடு என்று சொன்னாலே ஜனங்கள் சிரிப்பார்கள். திருப்பாச்சூரிலிருந்து வந்த என் மச்சான் அதன் நடுவில் நின்றுகொண்டு, "மாமா, காடு காடுன்னியே, எங்க கீது?" என்று கேட்டான். அவனுக்குக் காடு என்றால் யானை வேண்டும், அருவி வேண்டும், பனிமூட்டம் வேண்டும். எங்கள் பக்கத்துக் காடு அப்படி இல்லை. ஆள் உயரத்துக்குக் காரை, களா, சூரை. முள்ளில் சட்டை மாட்டாமல் ஒருவனும் வெளியே வந்ததில்லை. இடையிடையே பனை. எங்கள் வீட்டுப் பக்கம் முழுக்க வேம்பு, யாரும் நடாமல் குருவி போட்ட கொட்டையில் முளைத்த வேம்பு. கீரிப்பிள்ளை குடும்பத்தோடு குறுக்கே போகும். கவுதாரி காலைக்கு ஒருதரம் கத்தி ஊரைக் கூட்டும். இதற்கு மேல் ஒரு காடு என்ன செய்ய வேண்டும்? மச்சானுக்கு வந்து சலாம் போட வேண்டுமா?

அது இன்னொன்றும் செய்தது. அதுதான் எங்களுக்கு முக்கியம். மகளுக்கு மூன்று வயதிலிருந்து வீசிங். அப்போது நாங்கள் மெயின்ரோட்டை ஒட்டிக் குடியிருந்தோம். லாரிப் புழுதி ஒரு பக்கம், கம்பெனி உலையிலிருந்து வருகிற கரி இன்னொரு பக்கம். வெள்ளைத் துணி காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் எடுப்போம். மாதத்துக்கு இரண்டு தடவையாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். தூசி இல்லாத இடத்துக்குப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். வேலை இங்கே இருக்கும்போது எங்கே போவது? தேடித் தேடி, காட்டுக்குப் பின்னால் இந்த வீட்டைப் பிடித்தோம். வந்த இரண்டாவது வருடம் இன்ஹேலர் எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடுகிற நிலைமை வந்தது. அவ்வளவு நாள் அது தேவைப்படவே இல்லை. பள்ளியில் கொக்கோ விளையாட்டில் சேர்ந்தாள். பெண் ஓடுவதைப் பார்த்து மைதானத்து ஓரத்தில் நின்று நான் அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

காட்டு வழியாக வேலைக்கு நடக்கும்போது பார்ப்பேன். மதில் பக்கத்து மரங்களில் இலை முழுக்கக் கரி படிந்திருக்கும். தொட்டால் விரல் கறுக்கும். நடுக்காட்டுக்கு வந்தால் இலையின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பச்சை. எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் இரண்டு பக்கமும் பச்சை. இதைவிட வெளிப்படையாக ஒரு மரம் எப்படிச் சொல்லும்? என் பெண் மூக்குக்குள் போக வேண்டியதை அந்த மரங்கள் தங்கள் மேல் வாங்கிக்கொண்டு நின்றன.

என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். பிள்ளை தேறியது பெரியபாளையத்து அம்மனால்தான் என்பாள். "மரமா வந்து உன் பொண்ண காப்பாத்துச்சு? நான் வேண்டிக்கினேன், ஆத்தா காப்பாத்துனா" என்று கரண்டியை ஆட்டிச் சொல்வாள். பிள்ளை மூச்சு சீரானால் வருடா வருடம் ஆடியில் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுகிறேன் என்று அவள் வேண்டுதல். உடம்பு முழுக்க வேப்பிலைக் கொத்துகளைச் சேலைபோலச் சுற்றிக்கொண்டு பிரகாரம் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது கட்டியிருப்பார்கள். அந்த வேப்பிலை எங்கிருந்து வரும்? அம்மனா கொண்டுவந்து தருவாள்? எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த அதே மரங்களிலிருந்துதான் வரும்.

அதை வெட்டித் தருகிறவள் ஓர் இலைக்காரம்மா. காட்டு ஓரத்துக் குடிசைப் பகுதியில் இருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள். மற்ற மாதங்களில் களாக்காய், சூரைப்பழம், துடைப்பத்துக்கு ஈர்க்கு என்று காட்டிலிருந்து எதையாவது எடுத்து விற்பாள். ஆடி பிறந்தால் வேப்பிலை. கோயில் வாசலுக்கு ஆட்டோ ஆட்டோவாகப் போகும். மதில் பக்கத்து மரத்தை அவள் தொடமாட்டாள். "கரி புடிச்ச எலைய கொண்டுபோய் ஆத்தாவுக்குக் கட்டுவாங்களா? எனுக்கு இன்னா தலையெழுத்தா?" என்பாள். எங்கள் பக்கத்துப் பச்சை மரங்களில்தான் கை வைப்பாள். கிளையெல்லாம் கழித்துவிடுவாள். ஆடி கடைசியில் மரங்கள் மொட்டையாக, கையை மேலே தூக்கியபடி நிற்கும். ஆவணி பாதியில் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். புரட்டாசியில் பழையபடி நிழல். எத்தனையோ வருடமாக இப்படித்தான் நடந்தது. பார்த்துப் பார்த்து எங்களுக்கு அது ஓர் அதிசயமாகவே தோன்றவில்லை.

போன வருடம் ஆடி நாலாவது ஞாயிறு என் மனைவி வேப்பஞ்சேலை கட்டினாள். திங்கட்கிழமை காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க அந்தப் பக்கம்தானே குடியிருக்கீங்க? பின்னாடி மரம் கணக்கெடுக்கணும். சர்வே ஆள் வரார். லோக்கல் ஆள் ஒருத்தர் கூட இருந்து சைன் பண்ணணும். ஸ்டோர்ல இருந்து ரெண்டு பெயிண்ட் டப்பா எடுத்துக்கங்க. உசுரோட இருக்கறதுக்கு வெள்ளை, பட்டதுக்கு சிவப்பு."

"எதுக்கு சார்?"

"கிரீன் பெல்ட்டுக்கு. பட்ட மரம் எத்தனை இருக்கோ, ஒண்ணுக்கு மூணு கன்னு வைக்கப் போறோம்."

ஒன்றுக்கு மூன்று. இந்த இடத்தில்தான் என் புத்தி கெட்டது.

சர்வேக்காரர் வெளியூர்க்காரர். தலையில் தொப்பி, கையில் டேப், காலில் முள் குத்தாத பூட்ஸ். காரை, களா எதையும் அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. தண்டு இவ்வளவு பருமன் இருந்தால்தான் மரமாம், பனை புல் இனமாம், சேராதாம். மற்றதெல்லாம் முட்புதர் என்று ஒரே வார்த்தை. கீரிப்பிள்ளை, கவுதாரி, களாக்காய் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் போய்விட்டன. நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். வெயில் கொளுத்தியது. முந்தின நாள் கோயிலில் நின்ற கால்வலி வேறு. போகட்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று விட்டேன்.

மதில் பக்கத்துக் கரி மரங்களுக்கு வெள்ளை அடித்தோம். பிறகு எங்கள் பக்கம் வந்தோம். ஒவ்வொன்றும் மொட்டை. சர்வேக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"இது என்ன சார், எல்லாம் பட்டுப் போயிருக்கு? தண்ணி இல்லையா?"

எனக்குத் தெரியும். முந்தின நாள் அந்த இலைகளை என் மனைவியின் தோளில் நானே கட்டிவிட்டிருக்கிறேன். என் விரலில் அந்தக் கசப்பு வாசனை இன்னும் போகவில்லை. பட்டையைக் கொஞ்சம் கீறிக் காட்டினால் உள்ளே பச்சை தெரியும். ஒரு வார்த்தை போதும்: சார், இது ஆடி மாசம், இலை கழிச்சிருக்காங்க.

சொல்லவில்லை. ஒன்றுக்கு மூன்று என்று மனசு கணக்குப் போட்டது. இந்த மரங்கள் எங்கே போய்விடப் போகின்றன, அடுத்த மாதம் தழைத்துவிடும், அதோடு புதுக் கன்றுகளும் வந்தால் காடு இன்னும் அடர்த்தியாகும், பெண்ணுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். கம்பெனிக்காரனை ஏமாற்றுகிறேனாம்! உள்ளுக்குள் சிரிப்பு வேறு. அவர் ஒன்றைக் கவனிக்காமல் தாண்டிப் போனபோது, "சார், இதுவும் பட்டதுதான்" என்று கூப்பிட்டுக் காட்டினேன். என் கையாலேயே சிவப்பு அடித்தேன். சாயங்காலம் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெரிய சாமர்த்தியசாலிபோல வீட்டுக்கு நடந்து வந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆவணியில் மரங்கள் சொன்ன சொல் தவறாமல் தழைத்தன. சிவப்பு வட்டத்துக்கு மேலே செம்புக் கொழுந்து ஆடியது. அந்த வாரம்தான் பின்மதிலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மதிலுக்குப் பின்னால் உள்ள கம்பெனி இடம் முட்புதரும் பட்ட மரங்களும் மட்டுமே உள்ள தரிசு என்று கணக்கெடுப்பில் தெரிய வந்ததாம். அதனால் வெள்ளை அடித்த வரிசை நீங்கலாக மீதியைச் சமன்செய்து லாரி நிறுத்தும் யார்டு கட்டப் போகிறார்களாம். மழைக்கு முன்னால் வேலை முடியுமாம்.

எனக்குக் காது மடல் சூடானது. நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த மரமெல்லாம் உசுரோட இருக்கு. ஜன்னலைத் திறந்து பாருங்க, தெரியும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து பட்டியலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். "இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான். தப்பாப் போட்டுட்டேன் சார். ஆடி மாசம் கோயிலுக்கு இலை வெட்டியிருந்தாங்க."

"பத்து வருஷமா ஸ்டோர் பார்க்கறீங்க. எண்ணாமயே ஒரு போல்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

இல்லை. ஒரு போல்ட்டுக்குக்கூட அப்படிப் போட்டதில்லை. மரத்துக்குத்தான் போட்டேன்.

அனுமதி கொடுத்த அலுவலகத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள் என்றார். ஒருநாள் லீவு போட்டு, கவரைப்பேட்டை, பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறி மாறித் திருவள்ளூர் போனேன். கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கொழுந்துக் கிளை. அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"வேப்பங்கொழுந்து. நல்லா இருக்கு. இத்த ஏன் சார் என்கிட்ட குடுக்கற?"

விளக்கினேன். மூச்சுவிடாமல் கால்மணி நேரம் விளக்கினேன். அவர் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நம்பர் இல்லியே. எந்த மரத்து கிளைன்னு நான் எப்படி எழுதறது?"

அடுத்த வாரம் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். சிவப்பு வட்டமும் மேலே கொழுந்தும் ஒரே படத்தில் விழும்படி, மரத்துக்கு ஒன்றாக. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"லிஸ்ட்ல இது பட்ட மரம் சார். நீ காட்ற போட்டோல மரம் உசுரோட கீது. அப்போ இது வேற மரம்."

"அதே மரம்தான் சார்! நான்தான் பெயிண்ட் அடிச்சேன்!"

"கத்தாத. நீ அடிச்ச, நீயே கையெழுத்து போட்ட, இப்போ நீயே வந்து இல்லைன்ற. யாரை சார் நம்பறது? மனு எழுதிக் குடு. ஆபீசர் நேர்ல வந்து பாப்பாரு."

"எப்போ வருவாரு?"

"வருவாரு."

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிற மரம் தான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க இன்னும் என்ன செய்ய வேண்டும்? பஸ் ஏறி ஜன்னலுக்கு வந்து பூப்பூத்துக் காட்ட வேண்டுமா? மனுவை எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். ஆபீசர் இன்றுவரை வந்துகொண்டேதான் இருக்கிறார்.

புரட்டாசி கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஸ்டோரில் இருந்தேன். மனைவி போன் செய்தாள். "இன்னாங்க, மஞ்ச வண்டி வந்துகீது. பனைய தள்ளிக்கினு கீது. நீ வரியா, நான் போய் முன்னாடி படுத்துக்கட்டுமா?"

எனக்கு அந்த நேரம் வேறு ஒன்றும் தோன்றவில்லை. அலமாரியிலிருந்து வெள்ளை பெயிண்ட் டப்பா ஒன்று, பிரஷ் ஒன்று. நோட்டில்கூட எழுதவில்லை. பின்வாசல் வழியாக ஓடினேன். ஜேசிபி நடுக்காட்டைத் தாண்டி எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது. காரையும் களாவும் மண்ணோடு சுருட்டிக் குவியலாகக் கிடந்தன. வேம்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன, கொழுந்தெல்லாம் புழுதியில். நான் இன்னும் சாயாமல் நின்ற முதல் மரத்திடம் போய்ச் சிவப்பு வட்டத்தின் மேல் வெள்ளையைப் பூச ஆரம்பித்தேன்.

வண்டி நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் பண்ற?"

"தப்பா சிவப்பு அடிச்சுட்டேன். திருத்தறேன்."

"மரத்துல எனுக்கு ஆர்டர் செவப்புக்கு மட்டும்தான். வெள்ளை இருந்தா தொட மாட்டேன். அப்பால என்னை பேஜாரு பண்ணுவாங்க."

"அப்ப கொஞ்சம் நிறுத்துங்க. எல்லாத்துக்கும் அடிச்சுடறேன்."

அவர் என்னையும் டப்பாவையும் பார்த்தார். மனுஷர். "டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் நிக்கறேன் சார். அதுக்கு மேல என் முதலாளிக்கு பதில் சொல்ல முடியாது" என்று பிளாஸ்கைத் திறந்தார்.

அவர் டீ குடித்தார், நான் வெள்ளை அடித்தேன். இலைக்காரம்மா எங்கிருந்தோ ஓடி வந்தாள். என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தலைத்துண்டை உருவி டப்பாவில் முக்கி அவளும் பூச ஆரம்பித்தாள். துண்டு கனத்துப்போனதும் வெறும் கையால் பூசினாள். மனைவி வந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு நடுவில் ஓடினாள். திருவள்ளூருக்கு இரண்டு தடவை நடையாய் நடந்து, கிளையும் போட்டோவும் மனுவும் கொடுத்து முடியாத காரியம் ஒரு டீயின் நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆனால் டீ எவ்வளவு நேரம் வரும்? ஏழு மரம்தான் அடிக்க முடிந்தது. எட்டாவது மரத்துக்கு நான் பிரஷோடு போகும்போது வண்டி கிளம்பிவிட்டது.

அந்த ஏழு மரத்தையும் மேனேஜரும் தொடவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளை அடித்த மரத்தை வெட்டி, நாளைக்கு யாராவது வந்து அடிமரத்தில் வெள்ளையைப் பார்த்தால் கேள்வி வரும், புதிதாக அனுமதி வாங்க வேண்டும் என்ற பயம். பட்டியலில் அவை பட்டவை, அகற்றப்பட்டவை. காகிதப்படி அந்த ஏழு மரமும் உலகத்திலேயே இல்லை. எனக்கு, ஸ்டோர் பொருளை அனுமதியின்றி எடுத்ததற்கு ஒரு மெமோ. அதற்கு மட்டும் சரியாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது எங்கள் வீட்டுக்கு எதிரே வரிசையாக ஏழு வேம்பு, அதற்குப் பின்னால் யார்டு. லாரிகள் நாள் முழுக்க முன்னும் பின்னும் போகின்றன. மேனேஜர் சொன்ன கன்றுகளும் வந்தன, அதில் பொய் இல்லை. யார்டு ஓரத்தில் வைத்தார்கள். லாரி திரும்பும்போது பாதி நசுங்கியது, மீதி தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. இன்று படம் எடுத்திருப்பது அதே குழியில் இரண்டாவது தடவை வைக்கிற கன்றுகள். அடுத்த வருடமும் குழி அங்கேயேதான் இருக்கும், படமும் வரும்.

ஏழு மரம் எவ்வளவு கரியைத்தான் தாங்கும்? எங்கள் பக்கத்து இலையிலும் இப்போது இரண்டு பக்கமும் கறுப்பு. ஜன்னல் கட்டையை மனைவி காலையில் துடைத்தால் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். தை மாதம் மகளுக்கு மறுபடி இழுப்பு வந்தது. கொக்கோவை விட்டுவிட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை, அவளே ஷூவைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பெண் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினாலாவது வாங்கிக்கொள்ளலாம்.

இன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது இலைக்காரம்மா அரிவாளோடும், இலையில் கரியைக் கழுவ ஒரு குடம் தண்ணீரோடும் எதிர்மரத்தடியில் நின்றிருந்தாள். மறுபடி ஆடி, வருகிற ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு வேப்பஞ்சேலை. காலையிலிருந்து நான் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துவிட்டது.

"அதுல கை வெச்சே, தெரியும் சேதி! இருக்கறதே ஏழு. அதையும் மொட்டையடிச்சுட்டுப் போகப் போறியா? உங்களாலதான் எல்லாம் போச்சு. நீங்க வெட்டினதாலதானே பட்ட மரம்னு எழுதினான்?"

சொன்ன உடனேயே தப்பு என்று தெரிந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. அரிவாளைக் கீழே வைத்தாள். அவள் நகக்கண்ணில் பெயிண்ட் இருந்ததெல்லாம் எப்போதோ போயிருக்கும், ஆனாலும் எனக்கு அவள் கை வெள்ளையாகத்தான் தெரிந்தது.

"நான் கழிச்சதெல்லாம் வருசா வருசம் தழைஞ்சுது நைனா," என்றாள். "நீ எழுதுனது தழையுமா?"

மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இலை வேண்டாம் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை, வெட்டு என்றும் சொல்ல முடியவில்லை. அவள் வேண்டுதலே பிள்ளையின் மூச்சுக்காகத்தான். மகள் உள்ளேயிருந்து வந்தாள். ஏழு மரத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை கழிக்கட்டும்ப்பா. எப்பவும் கழிக்கறதுதான... தழைஞ்சுடும். நீ மட்டும் அது தழையற வரைக்கும்... தினமும் இங்க வந்து நில்லு. யாராவது நோட்டு எடுத்துக்கினு வந்தா... இது உசுரோட இருக்குதுன்னு சொல்லு."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் மூன்று தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள்.